நெட்டிலுக்குத் தெரிந்த சொல்

தெல்மா மறுபடியும் விசிலை ஊதினாள். புல்வெளியின் பாதியில் நின்றிருந்த கருப்பு லாப்ரடார் தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது. எங்கேயோ பார்த்த முகம் என்கிற அளவில் ஒரு பார்வை. பிறகு மூக்கைத் தரையில் வைத்து, முயல் போன தடத்தைத் தேடிக்கொண்டு வேலியோரமாகப் போய்விட்டது. நீளமாக ஒரு ஊதல் கேட்டால் நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும். துப்பாக்கியோடு வேலை செய்யப் பழக்கிய எந்த நாய்க்கும் அதுதான் முதல் பாடம். உட்காராத நாய் சுடுகிறவர்களின் முன்னால் ஓடும். ஓடினால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"திரும்பத் திரும்ப ஊதாத," என்றாள் கேட்டில் சாய்ந்திருந்த ஃபிலிப்பா. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் நாய் பழக்குவதையே தொழிலாக வைத்திருப்பவள். பள்ளியில் தெல்மாவுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். "ஒரு தடவ ஊதி அது கேக்கலன்னா, நீ நடந்து போயி அது நின்ன எடத்துல அத உக்கார வைக்கணும். ரெண்டாவது ஊதினேன்னா, மொதல் ஊதல் சும்மான்னு நீயே அதுக்குச் சொல்லிக் குடுக்குற."

"நான் நடந்து போனா அது இன்னும் தூரமா போகுதே."

"அப்ப ஓடு கண்ணு. தபால் பையத் தூக்கிட்டு இந்த ஊர்ல எத்தன நாய்க்கு முன்னாடி ஓடியிருப்ப. இப்ப ஒரு நாய்க்குப் பின்னாடி ஓட வலிக்குதா?"

தெல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட இங்கிலாந்தில் கொக்கெட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பண்ணைகளுக்கெல்லாம் ஓய்வு பெறும்வரை தபால் கொண்டுபோனவள் அவள். கெண்டைக்காலில் இன்னும் பல் தடங்கள் இருக்கின்றன. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது நாய், இந்தப் பக்கம் இருப்பது தான் என்பதுதான் உலகத்தைப் பற்றி அவள் வைத்திருந்த கணக்கு. அப்படிப்பட்டவள் நாய்களைத் தவிர வேறு எதுவும் தெரியாத கட்பர்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார்கள். கொல்லைப்புறக் கூண்டுகள் கட்பர்ட்டுடையவை, அவள் அங்கே வருவதில்லை. சமையலறை அவளுடையது, நாய் அங்கே வருவதில்லை. சனிக்கிழமைகளில் விடிவதற்கு முன் அவன் கிளம்பிப் போவான். சுடப்பட்டு விழுகிற ஃபெசன்ட் பறவைகளை நாய்களை விட்டு எடுத்து வருவது அவன் வேலை. இருட்டுகிற நேரத்துக்கு ஈரக் கோட்டோடு வந்து, சூப்பைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். எப்படி இருந்தது என்று கேட்டால், "பரவால்ல," என்பான். நான்கு மாதங்கள் ஓடும் வேட்டைப் பருவத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான் பதில்.

பிப்ரவரியில் ஒரு காலை, நாய்த்தீனி வாளியோடு கூண்டுகளுக்கு நடுவே கட்பர்ட் விழுந்தான். நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்த விதம் சரியில்லை என்று தோன்றி ஓடிப்போன தெல்மா, அவன் சிமெண்டுத் தரையில் கிடப்பதையும், வாளி உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்பதையும் பார்த்தாள். நியூகாஸில் மருத்துவமனையிலிருந்து வசந்தத்தில் வீட்டுக்கு வந்தான். வலது கை தூக்க வரவில்லை. ஊன்றுகோலோடு நடந்தான். உதடு சற்றுக் கோணியதால் விசில் ஊத முடியவில்லை. மூளையில் பேச்சு இருக்கும் இடத்தில் இரத்தக்குழாய் அடைத்திருந்தது. இருந்த வார்த்தைகளில் ஒன்றே ஒன்றுதான் அவனோடு வீட்டுக்கு வந்தது.

"வாளி."

தேநீர் வேண்டுமென்றால் வாளி. ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றால் வாளி. பார்க்க வந்த பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு மனம் உருகி எதையோ சொல்ல வாயைத் திறந்தபோதும் வாளிதான் வந்தது. பாதிரியார் தலையை ஆட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் தெல்மாவுக்கு விளக்கினாள்: வார்த்தைகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, வாசலுக்கு வரும்போதுதான் இந்த ஒன்று முந்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது, தப்பான வார்த்தை என்று அவருக்கே தெரியும். அப்படித் தெரிவதுதான் கொடுமை என்று தெல்மா நினைத்தாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொள்வான். கோடை முடிவதற்குள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதையும் நிறுத்திவிட்டான். கொல்லையைப் பார்த்திருந்த நாற்காலியை ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போடச் செய்தான். அவனுடைய கருப்பு லாப்ரடார் நெட்டில் குரைத்தால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

மற்ற இரண்டு நாய்களையும் கட்பர்ட்டின் சிநேகிதர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனார்கள். அவை புது வீட்டில் வேலையைத் தொடங்கிவிட்டன. நெட்டிலைத்தான் யாராலும் வைத்துக்கொள்ள முடியவில்லை. போன இடத்தில் சாப்பிட்டது, தூங்கியது, எது சொன்னாலும் செய்யவில்லை. ஃபிலிப்பாகூட இரண்டு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்தாள். "டிக்கெட் பரிசோதகரப் பாக்குற மாதிரி என்னப் பாக்குது. மரியாதையா டிக்கெட்டக் காட்டிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்குது," என்றாள், இனி நீயே பழக்கிப் பார் என்று தெல்மாவின் கையில் விசிலைக் கொடுத்தபடி. "பழக்கினதுல கொறையே இல்ல தெல்மா. அருமையா பழக்கியிருக்கான். எத வச்சுப் பழக்கினான்னுதான் தெரியல. பூட்டு இருக்கு, சாவி இல்ல. என்ன சொல்லுவான் அதுகிட்ட?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாள்கூடப் போனதில்லயே."

சொன்ன பிறகு அந்தக் கேள்வி தெல்மாவை விடவில்லை. பாத்திரம் துலக்கும்போதும் அதுவே ஓடியது. என்ன சொல்வான்? மறுநாள் அவள் நேராகக் காட்டுக்குப் போனாள். வேட்டைக் காட்டைப் பராமரிக்கும் ஹெட்லி, ஃபெசன்ட் தீனிப் பீப்பாய்களில் கோதுமை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"விசிலா? கட்பர்ட் விசில் ஊதி நான் அதிகம் பாத்ததில்ல," என்றான். "ஆளு பேசிக்கிட்டேல்ல இருப்பாரு."

"யாரு?"

"உன் புருஷன்தான்."

"நீ வேற யாரையோ சொல்ற ஹெட்லி. வீட்டுல அவன் வாயத் தொறந்தா ஒண்ணு சாப்பிட, இல்லன்னா கொட்டாவி விட."

ஹெட்லி சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "வண்டியில இருந்து எறங்கினா சாயங்காலம் வரைக்கும் அந்த நாய்கிட்ட ஓயாத பேச்சு. காதுக்குள்ள தேனீ பூந்த மாதிரி இருக்கும் எங்களுக்கு. வாய மூடுய்யா, பறவையெல்லாம் ஓடிடும்னு எத்தனயோ தடவ கத்தியிருக்கேன். நெசமாவே உனக்குத் தெரியாதா?"

தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு வந்தது கோபமா பொறாமையா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டையும் தாண்டி நின்றது ஆவல். இத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதனுக்கு ஒரு நாயிடம் நாள் முழுக்கச் சொல்ல என்ன இருந்தது? அவனோடு வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டாள். மலைச்சரிவிலிருந்து கடல் வரைக்கும் ஆற்றங்கரைப் பண்ணைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு நடப்பான் என்றார் ஒருவர். கால்பந்துக் குழுவைத் திட்டுவான் என்றார் இன்னொருவர். ஸ்பானியல் நாய்கள் வைத்திருந்த டோரீன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "உப்பக் கொறைக்கணும்னு டாக்டர் சொன்னத நாய்கிட்டதான் சொன்னாரு. தெல்மாகிட்ட மூச்சு விட்டுறாதன்னு அதுகிட்டயே சத்தியம் வாங்கினாரு." தெல்மா சிரித்தாள். காரில் ஏறியபிறகுதான், தான் வைத்த சூப்பில் போட்ட உப்பெல்லாம் நினைவுக்கு வந்தது.

அன்றைக்குப் பிறகு அவள் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து நெட்டிலிடம் பேசிப் பார்த்தாள். பண்ணைப் பெயர்களைச் சொன்னாள். தபால்காரிக்கு அவை தலைகீழாகத் தெரியும். கால்பந்துக் குழுவைத் திட்டினாள். புல்வெளிக்குக் கூட்டிப்போய், கித்தான் துணியில் செய்த பயிற்சிப் பொம்மையை வீசி, எல்லா வார்த்தைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். போ, எடு, பின்னாலே, அந்தப் பக்கம். நெட்டில் தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒரு தடவை எழுந்து ஓரடி வைத்தது. பிறகு, இல்லை, நான் நினைத்தது இல்லை இது, என்பதுபோல உட்கார்ந்துவிட்டது. நாயைப் பார்த்து அவள் பயப்படுவது நின்று வெகுநாள் ஆகியிருந்ததை அன்றுதான் கவனித்தாள்.

வேலையில்லாத வேலைநாய் கெட்டுப்போகும் என்று ஃபிலிப்பா எச்சரித்திருந்தாள். நவம்பரில் அதுதான் நடந்தது. நெட்டில் கூண்டின் கம்பியைத் தாண்டிக் குதித்து, பக்கத்து மலைச்சரிவில் பண்ணைக்காரன் ஸ்னோடனின் ஆட்டுமந்தைக்குள் போய் நின்றது. துரத்தவோ கடிக்கவோ இல்லை. ஆனால் சினைக்காகக் கிடா சேர்த்திருக்கும் நேரம். கருப்பு நாயைக் கண்ட ஆடுகள் மிரண்டு கற்சுவரில் மோதின. ஸ்னோடன் கயிற்றில் கட்டி அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். அவனுடைய சிறு வயதில் அவன் வீட்டுக்குத் தபால் கொண்டுபோனவள் தெல்மா. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவ உள்ள வந்தா சுட்டுருவேன், தெல்மா. எனக்கு வருத்தமாதான் இருக்கும். ஆனா சுடுவேன்."

"தெரியும்ப்பா. உன் ஆடு உனக்கு."

அவன் போனதும் அவள் ஃபிலிப்பாவைக் கூப்பிட்டாள். நார்ஃபோக்கில் ஃபிலிப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரி வீட்டில் உயரமான மதில் இருந்தது. வேட்டை கிடையாது, ஆடுகள் கிடையாது. கணப்படுப்பின் பக்கத்தில் படுத்துக் கிடக்கலாம். அந்த வாரக் கடைசியில் வந்து நெட்டிலைக் கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. அன்று இரவுச் சாப்பாட்டின்போது தெல்மா கட்பர்ட்டிடம் அதைச் சொன்னாள். அவன் முள்கரண்டியை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். அவனுக்குச் சம்மதமென்று எடுத்துக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

ஃபிலிப்பா வந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. தெல்மா கூண்டைத் திறந்ததும் நெட்டில் கொல்லையைக் கடந்து, எதிர்ப்பு ஒன்றும் காட்டாமல் வண்டியை நோக்கி நடந்தது. அப்போது சமையலறைக் கதவு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. கட்பர்ட் வாசற்படியில் நின்றான். கோட்டு இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் எழும்பியிருந்தது.

"வாளி!"

நெட்டில் நின்ற இடத்தில் உட்கார்ந்தது. யாரோ பின்னங்கால்களை வாரிவிட்டதுபோல அவ்வளவு சட்டென்று. ஈரச் சிமெண்டில் உட்கார்ந்து, தலையைத் தூக்கி, அவனையே பார்த்தது.

கட்பர்ட்டின் வாய் திறந்தபடியே இருந்தது. அவன் திட்டத்தான் நினைத்தான், எல்லோரையும், எல்லாவற்றையும். நாய் உட்காரும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பிறகு, உடைந்த பொருளைத் தொட்டுப் பார்ப்பவனைப் போல, தாழ்ந்த குரலில் இழுத்துச் சொன்னான்: "வாஆளி." நெட்டில் எழுந்து நேராக அவனிடம் வந்து, அவன் செருப்புகளுக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தை அவன் முழங்காலில் வைத்தது.

"அடப் பாவி," என்றாள் ஃபிலிப்பா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. வண்டிக்குள் கையை விட்டு ஒரு பயிற்சிப் பொம்மையை எடுத்து, சுவருக்கு அப்பாலிருந்த புல்வெளியில் கண்ணுக்குத் தெரியாதபடி வீசினாள். "சொல்லு கட்பர்ட். அனுப்பு அத."

அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் விடவில்லை. "உனக்கு வார்த்த இல்ல, சரி. அந்த நாய் வார்த்தய எப்ப கேட்டுச்சு? நீ பேசின பேச்சுல எது கட்டள, எது உன் முழங்கால் வலின்னு அது எதவச்சுப் பிரிச்சிச்சுன்னு நெனக்கிற? ராகத்த வச்சுதான்யா. சொல்லு."

கட்பர்ட் இடது கையைத் தூக்கினான். "வாளீ," என்றான், முடிவு மேலே ஏறியது. நெட்டில் சுவரைத் தாண்டிப் போனது. திரும்பி வரும்போது வாயில் பொம்மை இருந்தது. தெல்மா நாயைப் பார்க்கவில்லை. கட்பர்ட் அழுவதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவனுடைய அம்மாவின் அடக்கத்தின்போதுகூட அவன் அழவில்லை. ஃபிலிப்பா வண்டியின் பின்கதவைச் சாத்தினாள். காலி வண்டியோடு போனாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் புல்வெளியின் கேட்டோரம் ஒரு நாற்காலி போடப்பட்டது. கட்பர்ட் உட்கார, பக்கத்தில் தெல்மா நின்றாள். நாயை இடப்பக்கம் அனுப்ப அவன் இடது கையை நீட்டினான். வலப்பக்கத்துக்கு அவனிடம் கை இல்லை. தெல்மா தன் வலது கையை நீட்டினாள். முதலில் அவள் கையை நெட்டில் சட்டை செய்யவில்லை. அவன் குரலும் அவள் கையும் ஒன்றாக வந்தபோது மெல்ல ஒப்புக்கொண்டது. தெல்மா அவன் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பிரிக்கத் தொடங்கினாள். குட்டையாக விழுந்தால் உட்கார். தாழ்ந்து நீண்டால் வா. கடைசியில் ஏறினால் இன்னும் தூரம் போ. அங்கேயே தேடு என்பதற்கு இரண்டு எழுத்துக்கும் நடுவில் ஒரு சின்ன நடுக்கம். இதையெல்லாம் கவனித்துப் பழகிய பிறகு, சமையலறையிலும் அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. தேநீருக்கு ஒரு வாளி இருந்தது. அது சூடு போதவில்லை என்பதற்கு வேறொன்று. இதெல்லாம் வசந்தத்திலிருந்தே இருந்திருக்கிறது. தான் வார்த்தையைக் கேட்டுவிட்டு மீதியைக் கீழே போட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு குறைதான். அவன் குரல் பாதிப் புல்வெளியைத் தாண்டி எட்டவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவள் எழுந்து வந்தபோது கட்பர்ட் மெழுகுத்துணிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசற்கதவின் அருகே உட்கார்ந்திருந்தான். வலது கை கோட்டின் கைக்குள் போகாமல் வெளியே தொங்கியது. தலையில் தொப்பி. அவள் அவன் கையை உள்ளே நுழைத்து, பொத்தானைப் போட்டுவிட்டு, பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும் ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு, நெட்டிலைப் பின்னால் ஏற்றி, பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஹெட்லி அவர்களை அன்றைய வேட்டையின் கடைசிச் சுற்றுக்கு, ஓடைக்கு மேலே வண்டி போகக்கூடிய ஒரு மேட்டில் நிறுத்தினான். பறவைகளை விரட்டுகிறவர்கள் கம்புகளால் மரங்களைத் தட்டிக்கொண்டு காட்டுக்குள்ளிருந்து வந்தார்கள். ஃபெசன்ட்கள் அவர்களின் தலைக்கு மேலே உயர்ந்து பள்ளத்தாக்கைக் கடந்தன. கீழே வரிசையாக நின்றவர்களின் துப்பாக்கிகள் வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் தெல்மா தோளைக் குறுக்கினாள். நெட்டில் அவள் காலருகே அசையாமல் உட்கார்ந்து, எது எங்கே விழுகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிக் குறித்துக்கொண்டது. ஊதல் கேட்டு எல்லாம் அடங்கியபின், கூட்டத்தில் யாரோ கையை நீட்டிக் காட்டினார்கள். சிறகு ஒடிந்த ஒரு ஃபெசன்ட் சேவல் ஓடையைத் தாண்டி விழுந்து, எழுந்து, காலாலேயே ஓடிப் பெரணிப் புதருக்குள் மறைந்தது.

டோரீனின் ஸ்பானியல்கள் போய்த் தேடின. கற்சுவர் வரை தடத்தை எடுத்தன. அதற்கு மேல் இழந்துவிட்டன. ஆலங்கட்டியும் மழையும் கலந்து வீசத் தொடங்கியிருந்தது. குளிரில் எல்லோரும் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஆனால் யாரும் நகரவில்லை. அடிபட்ட பறவையை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது அந்தக் காட்டில் வழக்கமில்லை. ஹெட்லி மேட்டைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

கட்பர்ட் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். "வாளீ." நெட்டில் புறப்பட்டது. ஓடையில் குதித்து, நீந்தி, எதிர்க்கரை ஏறி, பெரணியின் ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தது. தூரத்தில் நிற்கும் நாய் திரும்பிப் பார்த்தால் அது உதவி கேட்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பதில் கொடுக்காவிட்டால் அடுத்த தடவை அது கேட்காது. ஃபிலிப்பா சொல்லிக்கொடுத்ததில் தெல்மாவுக்கு நன்றாகப் பதிந்தது இது. கட்பர்ட் சொன்னான். காற்று அதை அவன் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று. மறுபடி சொல்லிவிட்டு அவன் தெல்மாவைப் பார்த்தான்.

அவளுக்குப் புரிந்தது. ஓடையின் விளிம்புவரை இறங்கிப் போனாள். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிக்காரர்கள், விரட்டுகிறவர்கள், அவர்களுடைய எல்லா நாய்களும். வாழ்க்கையில் இவ்வளவு பேர் முன்னால் அவள் குரலை உயர்த்தியதில்லை. "வாளி," என்று கத்தினாள். மெலிந்து, கீச்சென்று வந்தது. நெட்டில் அசையவில்லை.

"அந்தம்மா வாளி கேக்குறாங்க, யாராச்சும் ஒண்ணு எடுத்துட்டுப் போங்கப்பா!" என்றது கூட்டத்தில் ஓர் இளங்குரல். சிரிப்பு எழுந்தது. "வாய மூடுறா," என்று ஹெட்லி சொன்னதும் கேட்டது.

தெல்மா வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். இங்கிருந்து அவன் குரல் அவளுக்குக் கேட்டது. அவன் கோபப்படவில்லை. கண்ணையும் மூடிக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பொறுமையாக, அவளுக்காகவே இன்னொரு முறை சொன்னான். அது ஏறிக்கொண்டே போய் உச்சியில் கொஞ்சம் வளைந்தது. அவளுக்கு அதில் சுவரின் மூலை தெரிந்தது. போ, மேலே போ, அந்தச் சுவர் முடிகிற இடத்துக்குப் போ. அவளுக்கும் அந்தப் பறவை வேண்டும் என்று திடீரென்று தோன்றியது. புதருக்குள் அது ஒடிந்த சிறகோடு பதுங்கிக் கிடக்கும் என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை. நாயைப் பார்த்துத் திரும்பி, வலது கையை நீட்டி, அந்தக் கோட்டுக்குள் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"வாளீஇ!"

நெட்டில் திரும்பி, சரிவில் மேல்நோக்கி ஓடியது. சுவரின் மூலைக்கு வந்ததும் நின்று மூக்கைத் தூக்கியது. அடுத்து, எல்லோரும் நினைத்ததற்கு நேர் எதிராக, காட்டை விட்டு விலகி வெட்டவெளிப் பக்கம் திரும்பியது.

"தப்பாப் போகுது," என்றான் ஹெட்லி. தெல்மாவின் கை கழுத்தில் தொங்கிய விசிலுக்குப் போயிற்று. எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியவில்லை, ஃபிலிப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்ப ஒண்ணும் சொல்லாத. மூக்கு அதுகிட்ட இருக்கு, உன்கிட்ட இல்ல."

நாய் பெரணிக்குள் மறைந்தது. காய்ந்து பழுப்பேறிய இலை நுனிகள் மட்டும் காற்றுக்கு எதிராக அசைந்து, அந்த அசைவு சரிவில் வளைந்து வளைந்து போனது. பிறகு அதுவும் நின்றது. ஆலங்கட்டி தெல்மாவின் தொப்பியில் பொரிந்தது. திரும்பி வண்டியைப் பார்க்க ஆசையாக இருந்தது. கண்ணை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயமாகவும் இருந்தது. வெகு மேலே, யாரும் பார்த்துக்கொண்டிராத கோரைத் திட்டிலிருந்து நெட்டில் வெளியே வந்தது. வாயில் சேவல். நீண்ட வால் ஒரு பக்கம் தொங்க, அதன் கழுத்து நிமிர்ந்திருந்தது.

ஓடையைக் கடந்து, உடம்பை உதறாமல், குரல் வந்த இடத்துக்கே, தெல்மாவிடமே அது வந்தது. பிடுங்காதே, தாடைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக் காத்திரு என்றிருந்தாள் ஃபிலிப்பா. தெல்மா குனிந்து கையை வைத்தாள். நெட்டில் வாயைத் திறந்தது. பறவையின் சூடும் கனமும் கைக்கு வந்தன. ஓர் இறகுகூடக் கசங்கவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அதன் கண் அவளை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தது. ஹெட்லி அதை வாங்கிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டென்று அதன் வேதனையை முடித்துவிட்டான். "நல்ல வேல," என்றான் திரும்பி. கண்ணீர் வருகிறதா மழையா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாத வானிலை அது. அவளுக்கு அது வசதியாக இருந்தது.

கேலி செய்த இளைஞன் அவளைக் கடந்து போகும்போது தொப்பியைத் தொட்டான். மற்றவர்கள் சாப்பாட்டுக் கொட்டகையை நோக்கி நடந்தார்கள். நெட்டில் அதற்குள் மேட்டுக்கு ஓடிப்போயிருந்தது. தெல்மா ஏறி வந்தபோது வண்டிக் கதவைக் கட்பர்ட் இடது கையால் திறந்து, ஈரத்தோடும் சேற்றோடும் அதை உள்ளே, அவள் உட்காரும் இருக்கையிலேயே ஏற்றி முடித்திருந்தான். கதவும் ஜன்னலும் மூடியிருந்தன. நாயின் மூச்சிலும் ஈரத்திலும் கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது.

கைப்பிடியைத் தொட்டவள் அப்படியே நின்றாள். உள்ளே அவன் பேசிக்கொண்டிருந்தான். ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் வாய் அசைவது மங்கலாகத் தெரிந்தது. இடது கை ஓடையைக் காட்டியது, சுவரைக் காட்டியது, எதையோ அளந்து காட்டியது, நெற்றியில் அடித்துக்கொண்டது, சிரித்தபடி நாயின் தலையில் இறங்கியது. குரல் ஏறியது, தாழ்ந்தது, எதையோ கேட்டது, பதிலையும் தானே சொல்லிக்கொண்டது. நெட்டில் ஒரு காதைத் தூக்கி அவன் வாயையே பார்த்திருந்தது. தெல்மா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். காலரை உயர்த்திக்கொண்டு, ஆலங்கட்டிக்கு முதுகைக் கொடுத்து, காதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.